துப்பிவிட்டுச் சொன்ன தீர்ப்பு

என் நாக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய். எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ருசி பார்க்கும் அறையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். முதலில் கோப்பை கழுவத்தான் சேர்த்தார்கள். தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் ஐயாவுக்கு ஒருநாள் தடிமன் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. "நீ ஒரு வாய் பாத்துச் சொல்லேன்" என்றார் வேண்டா வெறுப்பாக. நான் வரிசையாக உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது கோப்ப கருகியிருக்குங்க ஐயா, நாலாவதுல பச்ச வாட அடிக்கிது" என்றேன். நான் சொன்னதையே பத்து நாள் கழித்துக் கொழும்பிலிருந்து தேயிலைத் தரகர்களும் எழுதி அனுப்பியிருந்தார்கள். அன்றையிலிருந்து ஐயாவுக்குத் தடிமன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்தான் முதல் வாய்.

ருசி பார்ப்பது பார்க்கிறவர்களுக்கு அசிங்கமாக இருக்கும். கரண்டியில் அள்ளி, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி 'ஸ்ர்ர்' என்று உறிஞ்ச வேண்டும். பால் விடாத தேநீரைச் சாயம் என்போம்; அந்தச் சாயமும் காற்றும் சேர்ந்து வாய் முழுக்க அடிக்க வேண்டும். பிறகு துப்பிவிட வேண்டும். ஒரு சொட்டுத் தொண்டைக்குக் கீழே போகக்கூடாது. காலையிலிருந்து எண்பது கோப்பை பார்க்கிறவள் எல்லாவற்றையும் விழுங்கினால் அன்றைக்கு ராத்திரி கோழி கூவும் வரை முழித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். எங்கள் அறையில் நாங்களாக வைத்துக்கொண்ட மூன்று சொல் உண்டு. வாயில் பட்டவுடன் தெரிவது முகம். நாக்கில் நிற்பது வயிறு. துப்பிய பிறகும் விடாமல் இருப்பது வால். வால் இல்லாத தேயிலைக்கு எங்களிடம் மரியாதை கிடையாது.

என் வீட்டுக்காரர் கொழும்பில் வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் நானும் மாமியாரும், பிறகு என் கொழுந்தனும். கொழுந்து ஸ்டோரில், கொழுந்தன் வீட்டில் என்று ஸ்டோர்ப் பெண்கள் என்னைக் கேலி பண்ணுவார்கள். கொழுந்தன் சில வருடம் கட்டாரில் ஹோட்டல் வேலை செய்துவிட்டு வந்து, நுவரெலியாப் பக்கம் சின்னதாக பியர் வடிக்கிற ஓரிடத்தில் சேர்ந்தான். தொட்டி கழுவப் போனவன் வேலையைக் கண்ணால் பார்த்தே பிடித்துக்கொண்டான். அந்த விசயத்தில் அவன் என் ஆள்.

மாமியாருக்கு மட்டும் அவன் சொன்னது, "சோடா கம்பனிம்மா."

சொல்லாமல் என்ன செய்வான்? மாமனார் குடித்தே போனவர். சம்பள நாளில் தவறணைக் கள்ளு, மற்ற நாளில் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம். அவர் போன எட்டாம் நாளே அத்தை ஒரு சட்டம் போட்டுவிட்டார். "இந்த வாசலத் தாண்டி ஒரு போத்தல் உள்ள வரக்கூடாது. வந்தா நான் வெளிய போயிருவேன்." அந்தச் சட்டம் எனக்கும் சம்மதம்தான். நான் பிறந்த லயத்து வரிசை வீட்டிலும் இதே கதைதான். என் நாக்கு எத்தனையோ ஆயிரம் தேநீர் கண்டது. என் தொண்டை ஒரு சொட்டு மது கண்டதில்லை, காணவும் விடமாட்டேன் என்று சின்ன வயதிலேயே மனதுக்குள் சத்தியம் பண்ணியிருந்தேன்.

ஒரு போயா நாள், அதாவது பௌர்ணமி. ஸ்டோருக்கு லீவு. நாடு முழுக்க மதுக்கடைகளும் மூடியிருக்கும். அப்படிப்பட்ட புண்ணிய நாளில், அத்தை பௌர்ணமிப் பூசைக்குக் கோயிலுக்குப் போன பத்தாவது நிமிசம், கொழுந்தன் ஒரு பையோடு குசினிக்குள் வந்து அடுப்புப் பக்கத்தில் நின்றான். பைக்குள் பழைய பேப்பர், பேப்பருக்குள் பெயர் எதுவும் அச்சடிக்காத இரண்டு டின்.

"என்னா தம்பி இது? அத்தைக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் ரோட்டுல நிப்பாட்டிருவாங்க."

"அம்மா போத்தல்னுதானே அண்ணி சொன்னாங்க? இது டின்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் காரியம் பாதி முடிந்த மாதிரி என்று அவனுக்குத் தெரியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விசயத்தைச் சொன்னான். முதலாளி அவனை நம்பி ஒரு தொட்டியைக் கொடுத்திருக்கிறார். அதில் அவன் சொந்தக் கைப்பக்குவத்தில் ஒரு அம்பர் ஏல் வடித்திருக்கிறான். வறுத்த தானியத்தில் செய்கிற, சாயம் மாதிரியே நிறம் உள்ள பியர் அது. வெள்ளிக்கிழமை ஹோட்டல்காரர்கள் வந்து குடித்துப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால் இனி அவன்தான் அங்கே வடிக்கிறவன். பிடிக்காவிட்டால் பழையபடி தொட்டி கழுவுகிறவன், அதுவும் நிச்சயமில்லை. கட்டாருக்குத் திரும்பிப் போகிற கடதாசியெல்லாம் தயாராக வைத்திருக்கிறான்.

"நாளைக்குத் தொட்டி முழுசும் டின்னுல அடைக்கப் போறோம். நீங்க சரியில்லன்னு சொன்னா இன்னைக்கே போயி முதலாளிகிட்ட சொல்லி கீழ ஊத்திருவேன் அண்ணி. வெள்ளிக்கெழம பெரிய ஆளுங்க முன்னாடி மொகம் கறுத்து நிக்க என்னால ஏலாது."

"எனக்கு பியரப் பத்தி என்னா தெரியும்?"

"உங்க நாக்கப் பத்தி எனக்குத் தெரியும்."

இதற்கு மேல் ஒரு மனுசிக்கு என்ன வேண்டும்? உச்சி குளிர்ந்துவிட்டது. பலகாரப் பெட்டிக்குப் பின்னாலிருந்து, ஸ்டோரில் விளிம்பு உடைந்ததென்று கழித்து எனக்குக் கொடுத்த ஐந்து வெள்ளைக் கோப்பைகளை எடுத்தேன். துப்புவதற்கு ஒரு தகரப் பேணி. டின்னைத் திறந்ததும் நுரை பொங்கியது. எனக்கு நுரை ஆகாது, சாயம் தெளிவாகத் தெரிய வேண்டும். கரண்டியால் நன்றாகக் கலக்கி நுரையைச் சாகடித்து, ஐந்து கோப்பையிலும் ஊற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் ஆறவிட்டேன். கொழுந்தன் நெளிந்தான்.

"அண்ணி, அத குளிரா, நொரையோட..."

"என்ட்ட கேட்டுட்டல்ல? சும்மா இரு."

நிறம் அருமை. சரியாக வாட்டிய கொழுந்தில், மழை விட்ட மறுநாள் வருகிற சாயத்தின் நிறம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், மனது நிறைந்தது. மணமும் நன்றாக இருந்தது, பேக்கரியில் பாண் சுடுகிற வாசம், கூடவே சீனியைச் சட்டியில் கருக்கினால் வருகிற வாசம். முதல் கோப்பையில் கரண்டியை விட்டேன். உறிஞ்சினேன். துப்பினேன். இரண்டாவது. துப்பினேன். மூன்றாவதையும் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொகம் நல்லாயிருக்கு. வயிறு பரவாயில்ல, கொஞ்சூண்டு கருகியிருக்கு, அதக் கொறைச்சிக்கலாம். ஆனா வாலு இல்ல தம்பி."

"வாலு இல்லியா?"

"இல்ல. இனிப்பு வருது, போயிருது. அதுக்குப் பொறவு ஒண்ணுமே இல்ல. சப்புன்னு இருக்கு."

"கசப்புக்குன்னு ஒரு பூவு போட்டிருக்கேன் அண்ணி. வெளிநாட்டுலருந்து வர்ற காஞ்ச பூவு. கசப்பு கட்டாயம் வரணும்."

"வரலியே! வந்தா சொல்லமாட்டேனா? வாலே இல்லங்கிறேன், வாலே இல்ல!"

என் குரல் உயர்ந்துவிட்டது. என் தீர்ப்பை யாராவது மறுத்தால் எனக்குப் பொறுக்காது, அது என் வியாதி. டீமேக்கர் ஐயாவே மறுக்கமாட்டார், நேற்றுப் பையன் நீ மறுக்கிறாயா என்று வந்துவிட்டது. "சரி அண்ணி" என்றான். திறக்காத டின்னைக்கூட எடுத்துக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, ரோட்டுக்கு இறங்கும் படியில் போய்விட்டான். அவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

வெளியே பனிமூட்டம் ஏறிக்கொண்டு வந்தது. கொடியில் துணி கிடக்கிறதே என்று பின்பக்கம் ஓடினேன். துணி எடுக்கும்போது மனது சரியில்லை. உண்மையைத்தானே சொன்னோம் என்று எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். துணிக் குவியலோடு உள்ளே வந்தால், நெற்றி நிறையத் திருநீறோடு அத்தை குசினி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். கையில் நாலாவது கோப்பை. பாதி காலி.

"என்னா புள்ள சாயம் இது? ஆறிப் போயி கெடக்கு."

என் கண் போன இடம் டின்கள். நல்ல வேளை, அவன் கொண்டுவந்த பையின் கீழே கிடந்தன. நிறமும் சாயம், கோப்பையும் சாயக் கோப்பை, நுரையையும் நானே கொன்றுவைத்திருக்கிறேன். பாவம், மலை ஏறி வந்த மனுசிக்குத் தாகம், எடுத்துக் குடித்துவிட்டார். பறிக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக நின்றேன்.

அத்தை இன்னொரு மடக்கு குடித்தார். நிதானமாக விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"வாயில இருக்கயில லேசா இனிக்கிது. முழுங்கின பொறவு பாரு, கசப்பு மெதுவா வந்து ஒக்காந்துக்கிது. நல்ல கசப்பு. வேப்பங்கொழுந்துக் கசப்பு இல்ல, பாவக்கா பொரிச்சா வருமே, அது. எந்திரிச்சுப் போகவே மாட்டேங்கிது. இன்னும் கொஞ்சம் இருக்கா?"

முழுங்கின பொறவு.

துணியெல்லாம் கையிலிருந்து நழுவிவிட்டது. ஐயோ, நான் முழுங்கவே இல்லையே! தேயிலைக்குத் துப்பினாலே வால் தெரியும், அது நாக்கிலும் ஈறிலும் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பழக்கத்தில் இதையும் துப்பிவிட்டு, வால் இல்லை என்று கத்தியிருக்கிறேன். தொண்டைக்குள் இறங்கினால்தான் வருகிற கசப்பை, தொண்டைக்கு மேலேயே நிறுத்திவிட்டுத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பத்தொன்பது வருட நாக்காம், திமிராம்! ஒரு பிள்ளையின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு நிற்கிறேன்.

ஐந்தாவது கோப்பை தொடாமல் இருந்தது. அதைப் பார்த்தேன். மாமியார் முன்னால், பௌர்ணமி நாளில், சின்ன வயதுச் சத்தியத்தையும் நினைத்துக்கொண்டேன். அத்தை சொன்னதை வைத்து மட்டும் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தீர்ப்பு நான் சொன்னது, நான்தான் திருத்த வேண்டும். எடுத்தேன். விழுங்கினேன்.

முதலில் ஒன்றுமில்லை. இறங்குகிற இடமெல்லாம் இளம் சூடு. அப்புறம் தொண்டையின் அடியிலிருந்து வந்தது கசப்பு, அவசரமே இல்லாமல். பாகற்காய்ப் பொரியல்தான், அத்தை சொன்னது அச்சு அசல். நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அப்படியொரு வாலை எங்கள் ஸ்டோரின் முதல் தரத் தேயிலையில்கூட நான் கண்டதில்லை.

அவனுக்குப் போன் அடித்தேன். போன் எங்கள் குசினி ஜன்னலில் இருந்தே அலறியது. சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறான்.

"எங்கடி ஓடுற?" என்றார் அத்தை.

"வந்துர்றேன் அத்தே!"

ரப்பர் செருப்போடு படி படியாகத் தாவினேன். பாதி வழியில் ஒரு செருப்பு அறுந்தது, இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். கோயிலிலிருந்து வருகிற பெண்கள் எதிரே ஏறி வந்தார்கள். "என்னா அக்கா, யாருக்கு என்னா?" என்று கேட்டார்கள். வாயைத் திறந்தால் பியர் வாசம் வருமே என்று உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினேன். பதில் சொல்லாமல் நான் ஒரு இடத்தைத் தாண்டிப் போனது எங்கள் தோட்டத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ரோட்டுக்கு வரவும் கொட்டகலைப் பக்கமிருந்து நுவரெலியா பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஏழெட்டுப் பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் கடைசியில் நின்றான், ஒரு கால் பலகையில்.

"தம்பி! ஏறாத! வாலு இருக்கு! வாலு இருக்கு!"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவன் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். அவனும் ஒருதரம் பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டான், சத்தியமாக. கண்டக்டர் என்னையும் என் கையிலிருந்த செருப்பையும் பார்த்துவிட்டு, "அக்கே, நகினவத, நெத்த?" என்று சிங்களத்தில் கேட்டார், ஏறுகிறாயா இல்லையா என்று. "நே, நே" என்று மறுத்துவிட்டுக் கொழுந்தனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பஸ் போய்விட்டது.

"நான் துப்பிட்டேன்பா. அதான் தப்பு. முழுங்குனாத்தான் வாலு வருது. ஒஞ் சாமான் நல்ல சாமான். ஒரு சொட்டுக்கூட ஊத்தாத."

அவன் மூக்கை என் பக்கம் கொண்டுவந்தான். கண் விரிந்தது. "அண்ணி! நீங்க முழுங்குனீங்களா?"

"நான் ரெண்டாவதுதான். மொத முழுங்குனது உங்கம்மா."

ரோட்டோரத்து மதகில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். அவர் சாயம் என்று நினைத்துக் குடித்ததையும், பாகற்காய்த் தீர்ப்பையும் சொன்னேன். முதலில் பயந்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு நடுவில் எங்கேயோ மாறிப்போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். நானும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். "மன்னிச்சுக்க தம்பி" என்று நான் வாய்விட்டுச் சொன்னது என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் நம்பமாட்டார். கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் நான் அதைச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். குளிர வைத்து, நுரையோடு, கண்ணாடி கிளாசில் குடித்தார்கள். ஒருவர் மட்டும், அடுத்த தடவை வறுவலைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றாராம். கேட்டதும் எனக்கு இழந்த திமிரில் பாதி திரும்பி வந்தது. மற்றவர்கள் இன்னொரு கிளாஸ் கேட்டார்கள். முதலாளி அவன் தோளில் கை போட்டாராம். கட்டார்க் கடதாசியை அவன் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் வேலையிலிருந்து வந்தான். பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அத்தை உட்கார்ந்திருந்த பக்கம் படாமல், சுவரை ஒட்டிக் குசினிக்குள் போகப் பார்த்தான். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"அத ஏன் ஒளிக்கிற? எடு வெளிய. எப்படி அச்சடிச்சிருக்காங்கன்னு பாப்போம்."

கொழுந்தன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் டின்னை எடுத்து அவர் மடியில் வைத்தான். மலையும் தேயிலையும் போட்டு அழகாக அச்சடித்திருந்தார்கள். அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சோடா கம்பனியாம். எந்தச் சோடாடா கசக்கும்?"

"அப்ப..." நான் கிட்டப் போய் உட்கார்ந்தேன். "அன்னைக்குத் தெரிஞ்சேதான் குடிச்சீங்களா அத்தே?"

"முப்பது வருசம் அந்த வாசத்துக்குப் பக்கத்துல படுத்தவடி நான். சாயத்துக்கும் அதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"பின்ன எதுக்குக் குடிச்சீங்க?"

அத்தை கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். "நீ வாலு இல்ல, வாலு இல்லன்னு கத்துனது படிக்குக் கீழ வரைக்கும் கேட்டிச்சி. நான் ஏறி வாரேன், இவன் எறங்கிப் போறான். பெத்தவ எதிர்ல வர்றது தெரியாம, மொகஞ் செத்துப் போறான். வந்து பாத்தா கோப்பயில இருக்கு. எம்புள்ள ஆக்குனத நீ துப்பிப்புட்ட. நானாவது முழுங்க வேணாமா?"

எழுந்துபோய் மூன்று கோப்பை எடுத்து வந்து வைத்தேன். அத்தை தன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்கு எதுக்கு அந்தக் கருமம்? தேத்தண்ணி ஊத்து."